சனிக்கிழமைச் சிநேகிதி

டுலூத் நகர சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை வெர்னனுக்கு. யாரிடமும் காட்டாமல் ஒரு மாதமாக வீட்டில் பழகிய வியூகத்தைத் தொடங்கினான்.

எதிரே இருந்த கீத் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உடனே பதிலடி கொடுத்தான். சற்று நேரத்தில் வெர்னனின் ராஜா மாட்டிக்கொண்டது.

"பிரமாதம்ங்க!" வெர்னன் கை குலுக்கினான். "உங்கள இங்க பாத்ததே இல்லையே?"

கீத் கண்ணடித்தான். "சனிக்கிழமையானா ஒரு சிநேகிதி வீடு. அவ புருஷன் விடிஞ்சதுமே மீன் பிடிக்கப் போயிடுவானாம். இன்னைக்கு அவ ஊர்ல இல்ல, அதான் வந்தேன்."

"பாவம்யா அந்த மனுஷன்!" வெர்னனும் சிரித்தான். "சரி, இந்த ஆட்டத்த எங்க கத்துக்கிட்டீங்க?"

"அவ வீட்லதான். அவனும் செஸ் ஆடுவான் போல. சமையலறை மேசையில காய அடுக்கி வச்சிட்டுப் போயிருப்பான். காபி குடிச்சுக்கிட்டே பதில் கண்டுபிடிச்சேன்."

வெர்னனின் சிரிப்பு அடங்கியது. "அதுல ஒரு குதிரை தொலைஞ்சுபோயி, அந்த இடத்துல உப்பு டப்பி நிக்குமா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அத வச்சவன் நான்தான்."