கொல்லாத நாயகன்

டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கிறது. தரையில் விரிசல்விட்டுக் கிடக்கிற கைபேசியில் மத்தியான வெயில் பட்டுக் கண் கூசுகிறது. மாமா கொண்டாடும் சினிமா நாயகன், அந்த முகமூடி வீரன், அடுத்த படத்தில் ஒருவனைக் கொல்கிறானாம். கைபேசியில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "உங்காளும் கொலகாரன்தான் மாமா" என்று மச்சான் சும்மா சிரித்தான், அவ்வளவுதான். இப்போது அவன் நெஞ்சின் மேல் மாமாவின் முழங்கால். கிரீஸ் அப்பிய இரண்டு கைகளும் அவன் கழுத்தை நெரிக்கின்றன. மாமாவின் பனியனில் அச்சடித்திருக்கும் முகமூடியில் மச்சானின் மூக்கு ரத்தம் தெறித்திருக்கிறது. "எங்க தலைவர் இத்தன படத்துல ஒரு உசுர எடுத்திருப்பாராடா? கொல்லமாட்டார்னு சொல்லு, விட்டுடறேன்!" மச்சான் சொல்லத்தான் பார்க்கிறான். கால்கள் டயர்களை உதைக்கின்றன, உதடுகள் அசைகின்றன. அந்த ஒரு சொல் வெளியே வரக் கழுத்தில் வழியில்லை.