சாறு படாத வரிசை

ஆய்வகத்து இன்குபேட்டரை மறுபடியும் திறந்தாள்.

திறக்கக் கூடாது. திறக்கத் திறக்க உள்ளே சூடு குறையும், செல்கள் வாடும். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இதைத் தலையில் குட்டாத குறையாகச் சொல்பவளே அவள்தான்.

கை கேட்கவில்லை.

செல்கள் வளரும் தட்டு உள்ளே இருந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். மூடினாள். போய் உட்கார்ந்தாள். எழுந்தாள்.

தூத்துக்குடிக் கடலின் பாறையிலிருந்து எடுத்த கடற்பஞ்சு. அதற்குள் குடியிருந்த ஒரு கறுப்புப் பூஞ்சை. அது கக்கிய மஞ்சள் சாறு, போன மாதம் கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்களை ஒன்று விடாமல் கொன்றது.

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் தங்கை ஜெசிந்தாவிடம் உளறிவிட்டாள்.

ஜெசிந்தாவுக்கு மார்பில் கட்டி. முதல் கீமோவிலேயே வாயெல்லாம் புண்ணாகிச் சுருண்டுவிட்டாள். அடுத்ததற்குப் போகவே இல்லை.

"நீ கண்டுபிடிச்சது வரட்டும்க்கா. நான் காத்துக் கெடக்கேன்."

மருந்தாக வர வருடங்கள் ஆகும் என்று சொன்னது காதில் ஏறவில்லை. நல்ல செல்களையும் கொன்றால் அது வெறும் விஷம் என்று சொன்னது மட்டும் ஏறியது.

"அப்ப அதப் பாத்துச் சொல்லு."

அதைத்தான் பார்க்கிறாள். இந்தத் தட்டில் இருப்பவை நல்ல செல்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது கடைசியாக ஒருமுறை திறந்தாள்.

மறுநாள் காலையில் வந்தபோது இன்குபேட்டர் கதவு ஒட்டாமல் நின்றது. விரல் நுழையும் இடைவெளி.

தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். சாறு ஊற்றிய குழிகளில் செல்கள் செத்துக் கிடந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று சாறே ஊற்றாமல் விட்டிருந்த வரிசைக்குத் தட்டை நகர்த்தினாள்.

அங்கேயும் எல்லாம் செத்துக் கிடந்தன.

அவற்றைக் கொன்றது அவள் கை. பூஞ்சை நல்லதா கெட்டதா என்று இந்தத் தட்டு இனிச் சொல்லாது.

தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கூடவே வெட்கங்கெட்ட ஒரு நிம்மதியும். பூஞ்சை இன்னும் தோற்கவில்லை. புதிதாகச் செல்களை வளர்த்து மறுபடி செய்யலாம். சில வாரங்கள் போதும்.

சில வாரங்கள்.

ஜெசிந்தா காத்திருப்பாள். கட்டி காத்திருக்காது.

போனை எடுத்தாள். முதல் மணியிலேயே தங்கை எடுத்துவிட்டாள்.

"என்னக்கா ஆச்சு?"

"ஏட்டி, அது நல்ல செல்லையும் கொன்னுட்டு. சரிப்படாது. விட்டுருவோம்."

போனைப் பிடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கே ஆசுபத்திரிக்குப் போவோம். நானும் கூட வாரேன்."

ஜெசிந்தா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரிக்கா, போவோம். நீ அழாத. ராத்திரி பகல் பாக்காம அதுக்குப் பின்னாலயே கெடந்த. பாவம்க்கா நீ."