பதினேழாம் ஆணி

பலகை மேசைமேல் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கழுத்து வலிக்க நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாப்பத்தொண்ணு இருக்கு. பதினேழ மட்டும் காணோம் லா," என்றார் தேவராஜூ, கிளப்பின் தலைவர்.

ஈப்போ. ஞாயிற்றுக்கிழமை காலை. சீனர் காப்பிக்கடையின் பின்மேசையில் ஆறு பேர். ஓட்டக் கிளப்பின் இருபதாம் ஆண்டு விழாவுக்குத் திட்டம் போட வந்தவர்கள். அவன் செயலாளர். பேசுவதை எழுதவேண்டியவன்.

டீ-சட்டைக்கு நீலம் என்று எழுதினான். பியர் எத்தனை பெட்டி என்று எழுதினான். அதுவரை நன்றாகத்தான் போனது.

பிறகு தேவராஜூ இந்தப் பாழாய்ப்போன பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார். விழாவில் படம் எடுக்கவேண்டுமாம்.

நாற்பத்திரண்டு ஆணி. ஆணிக்கொரு எனாமல் குவளை, இவர்கள் பேச்சில் மங்கு. ஆளுக்கொரு எண்.

திங்கள்தோறும் சாயங்காலம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடுவார்கள். ஓடப் போகையில் குவளை ஆணியில் தொங்கும். திரும்பி வந்தவன் தன் குவளையை எடுத்து பியர் ஊற்றிக்கொள்வான். எல்லா ஆணியும் காலியானதும், பலகைக்குக் காவலான இருதயம் அண்ணன் எல்லாரையும் ஊருக்கு ஏற்றிப்போகும் லோரிக்குக் கை காட்டுவார்.

ஆணி காலின்னா ஆள் வந்தாச்சு. கிளப்பில் அதுதான் வேதம்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் திங்கட்கிழமையும் ஆணியெல்லாம் காலி. லோரி கிளம்பிவிட்டது. குணாளன் யாருடைய காரிலாவது போயிருப்பான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள்.

குணாளன் வடிகால் பள்ளத்தில் கால் நசுங்கிக் கிடந்தான்.

மறுநாள் காலைவரை.

இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறான். வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்கிறான்.

"இருதயம் அண்ணன விழாவுக்குக் கூப்பிடணுமா?" தேவராஜூ கேட்டார்.

"எதுக்கு?" சாப்பாட்டுப் பொறுப்பாளர் மகேஸ்வரிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அவரு ஒழுங்கா பாக்காமதான குணா காலு போச்சு. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வருவாரு?"

குணாளனின் பதினேழாம் ஆணி அன்றைக்குக் காலியாகத்தான் இருந்தது என்று இருதயம் அண்ணன் மாதாமேல் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை; தப்பை மறைக்க மங்கை அவரே ஒளித்துவிட்டார் என்றார்கள். கிளப்பைவிட்டு நீக்கினார்கள்.

நீக்கிய தீர்மானத்தை எழுதியதும் அவன்தான்.

குணாளன் ரொட்டியை வைத்தான்.

"எனக்கு அண்ணன்மேல கோவமில்ல. காலின்னு அவரு சொன்னா காலிதான். என் மங்க எவனோ எடுத்திருக்கான். எவன்னு தெரிஞ்சா போதும்."

நோட்டோடு இருந்தவனுக்குத் திருடனைத் தேள் கொட்டிய பாடு.

வேண்டாம் என்று மூன்று கை உயர்ந்தது. குணாளன் கையை உயர்த்தவில்லை. மகேஸ்வரி செயலாளரையே பார்த்தாள். அவன் கையும் உயரவில்லை.

"மூணு பேரு போதும். முடிஞ்சிச்சி," என்றார் தேவராஜூ. "என்ன செக்ரட்டரி, வாய்ல கொழுக்கட்டையா? எழுது. இருதயம் அழைக்கப்பட மாட்டார்."

பேனாவைத் தாளில் வைத்தான்.

இரு.

அதற்குமேல் பேனா நகரவில்லை.

எழுந்தான். சிகரெட்டுக்குப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள். நேரே காருக்குப் போனான். பின்பெட்டியைத் திறந்தான். ஸ்பேர் டயருக்கு அடியில், பழைய துண்டில் சுற்றிய அது. சாலையில் மேடு வந்தால் போதும், டிங் என்று ஒரு சத்தம் போடும். என்னாங்க சத்தம் என்பாள் மனைவி. ஜாக்கி என்பான். இரண்டு வருடமாக ஜாக்கி.

கொண்டுவந்து குணாளன் முன்னால் வைத்தான்.

பதினேழு.



"நீ பின்னாலயே வர்றன்னு நெனச்சி, ஒனக்கும் சேத்து ஊத்தி வெச்சேன்டா," என்றான். "மறுநாள்தான் பாக்குறேன். என் பையில ரெண்டு மங்கு."

குணாளன் குவளையைக் கையில் எடுத்தான். விளிம்பில் எனாமல் பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"ஐஸ் போட்டியா?"

"போட்டேன்."

"கரைஞ்சிச்சா?"

இதைக் கேட்பான் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ஐஸ் கரையும்வரை காத்திருந்தவன் என்றால், ஆள் வரவில்லையே என்று எழுந்து தேடியிருப்பான்.

பொய் சொல்லலாம். வாய்வரை வந்துவிட்டது.

"கரையறதுக்குள்ள நானே குடிச்சிட்டேன்."

வெட்கத்தில் காது எரிந்தது. மகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குணாளன் திட்டவில்லை. கைத்தடியைத் தொடவுமில்லை. சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தான். எண்ணைத் தேடி அழுத்தினான். ஸ்பீக்கரைப் போட்டு, குவளைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இருதயம் அண்ணன். நீ பேசு."

மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது. எடுக்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு மனம் கெஞ்சியது. சீ, இதற்குமேலும் ஒரு மனம்.

எடுத்தார்.

"குணாவா?" கிழட்டுக் குரல் பதறியது. "என்னய்யா? யாராச்சும் வந்து சேரலியா?"

குணாளன் போனை அவனை நோக்கித் தள்ளினான்.

அவன் போன் பக்கம் குனிந்தான்.

"அண்ணே," என்றான். "நான்தாண்ணே."