ஆளில்லா மேடையின் விளக்கு

"யாருமே இல்லாத மேடையில இந்த விளக்கு யாருக்கு எரியுது?" என்று முன்பொரு நாள் ஒரு பள்ளிச் சிறுமி, நாடக அரங்கத்தின் தலைவி ஆர்டித்திடம் கேட்டாள். அமெரிக்காவின் அயோவாவில் ஆற்றுவெள்ளம் அரங்கத்தை மூடவைத்து இரண்டு குளிர்காலம் போய், இன்று மாலை கதவு திறக்க வேண்டும். தீப்பிடித்தால் மேடையை மறைக்கும் கனத்த திரை தரையைத் தொட்டால்தான் அனுமதி. சோதிக்க வந்த தீயணைப்பு அதிகாரி அண்ணாந்து பார்த்து நிற்கிறார். திரை பாதியில் நின்று நடுங்குகிறது. ஆர்டித்தின் உதடுகள் ஜெபத்தில் அசைகின்றன. "மூச்ச விடும்மா," என்கிறார் மேடைப் பணியாளர் ஆர்வில். "இந்தத் திரைக் கிழவி அடம்பிடிச்சுட்டுத்தான் எறங்குவா." "இன்னிக்கு மட்டும் வேணாம்னு சொல்லுங்க அவகிட்ட," என்கிறாள் ஆர்டித். சங்கிலி கிறீச்சிடுகிறது. திரை மெல்ல இறங்கித் தரையில் அமர்கிறது. "சரி, ஜனங்கள உள்ள விடுங்க," என்கிறார் அதிகாரி. எல்லோரும் வாசலுக்கு ஓட, திரைக்குப் பின்னால் ஆர்டித் மட்டும் நிற்கிறாள். ஆளில்லாத வேளையில் மேடை நடுவே எரியும் அந்த ஒற்றை விளக்கைக் காட்சிக்கு முன் எடுத்துவிடுவது வழக்கம். அவளே அதை ஓரத்துக்குத் தூக்கிப் போகிறாள். வெள்ளம் வடிந்த நாள்முதல், பூட்டிய அரங்கில் இது ஒருநாளும் அணைந்ததில்லை. பல்பு வாங்கி மாட்டியது தான்தான் என்று ஆர்வில் சொன்னதே இல்லை. பக்கவாசல் பனியில் அவருடைய நொண்டும் காலடித் தடங்களை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் உள்ளே வருகிறவர் தடுக்கி விழக் கூடாது, அதற்குத்தான் விளக்கு. ஆணியில் தொங்கும் ஆர்விலின் கோட்டுப் பைக்குள் புதுப் பல்பு ஒன்றை மெல்ல வைத்துவிட்டு, அவள் வாசலை நோக்கி நடக்கிறாள்.