பல்செட்டுக்கு வந்த எச்சரிக்கை

பெண் வீட்டுக் கேசரியை வாயில் போட்டதுமே வேலாயுதத்தின் முகம் சுருங்கியது. குமுதவல்லிக்குப் பகீரென்றது. மகனுக்குப் பார்த்த முந்தைய இரண்டு சம்பந்தங்களும் கணவரின் இந்த வாயால்தான் நின்றுபோயின.

"கேசரியில..." என்று அவர் ஆரம்பித்தபோது வாயிலிருந்த ஸ்மார்ட் பல்செட்டு டக்கென்று பூட்டிக்கொண்டது. அதோடு இணைத்திருந்த குமுதவல்லியின் போனில் ஆன்டிவைரஸ் அலறியது: 'பல்செட்டு 6.2 காலாவதியாகிவிட்டது. உடனே 6.2-க்கு மாறவும்.'

"இருக்கிறதும் அதானே" என்று முணுமுணுத்தாள்.

"சம்பந்தி என்ன சொல்றாங்க?" பெண்ணின் அப்பா பதறினார்.

வேலாயுதம் "ம்ம், ம்ம்" என்று தலையைப் பலமாக ஆட்டினார்.

"ரொம்பப் பிடிச்சிருக்காம். தட்டு மாத்திக்கலாங்கிறார்" என்றாள் குமுதவல்லி.

கல்யாணத் தேதி முடிவானதும் குமுதவல்லி போனில் 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தி, கல்யாணத்துக்கு மறுநாளைக் குறித்தாள்.