கையில் எழுதிய மனு

அமுதசெல்விக்குக் காணாக்கடி விடியற்காலையில்தான் அரித்துத் தடிக்கும். ஒன்பது மணிக்குச் சுகாதார நிலையம் திறப்பதற்குள் சுவடே இல்லாமல் அமுங்கிவிடும். அங்கே டாக்டர் இல்லை, நோய் பார்த்துச் சொல்லும் ஆளுயரக் கண்ணாடிதான். தடிப்பைக் கண்ணால் கண்டால்தான் அது மாத்திரை தரும்.

"காலையில போட்டோ எடுத்தேன், பாரு," என்று போனைக் காட்டினாள்.

"படங்கள் ஏற்கப்படுவதில்லை. உங்கள் தோல் நலமாக உள்ளது," என்றது கண்ணாடி.

பதினோரு நாளாக இதே பதில்.

"உனக்குத்தான் கீறுன இடமெல்லாம் தடிக்குமே. கீறிக் காட்டு," என்றான் கணவன் முருகவேள்.

கீறினாள். தடித்தது.

"நகக்கீறல். நீங்களே செய்தது."

அமுதசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுச் சாவியை எடுத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, 'அரிப்பு தாங்கல, மாத்திரை வேணும்' என்று அழுத்தி எழுதினாள். ஐந்து நிமிடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சிவந்து புடைத்தன. கையைக் கண்ணாடிக்கு நேரே நீட்டினாள்.

கண்ணாடி நிதானமாகப் படித்தது.

"உங்கள் மனு கிடைத்தது. கையொப்பம் இல்லாததால் ஏற்க இயலவில்லை."

முருகவேள் தலையில் கைவைத்துக்கொண்டான். அவள் மணிக்கட்டுக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பார்த்தாள்.