அம்பயரின் இமைகள்

முதல் பந்துக்கு அவள் கண்ணை மூடிவிட்டாள்.

யாருக்கும் தெரியவில்லை. முகத்தில் மாஸ்க் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த கேட்சர் பெண்ணின் கையுறையில் பந்து விழுந்த சத்தம் கேட்டது. நல்ல சத்தம். அதை வைத்து வலது கையை உயர்த்தினாள்.

“ஸ்ட்ரைக்!”

சரியாகவும் இருந்திருக்கலாம்.

போன வருஷம் முழுக்க அப்படித்தான் சொன்னாள்.

வாரத்தில் ஆறு நாள் உப்பு லாரிகளுக்கு எடை போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக் கல்லூரிப் பெண்களின் பேஸ்பால் ஆட்டங்களுக்கு அம்பயர். கேட்சரின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நிற்க வேண்டும். தரையில் பதித்த வெள்ளைப் பலகைக்கு மேலாக, மட்டை பிடித்தவளின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பந்து வந்தால் ஸ்ட்ரைக். விலகிப் போனால் பால். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். நாலு பால் ஆனால் அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகலாம்.

விதிப்புத்தகம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பரீட்சையில் மாவட்டத்திலேயே முதல் மார்க்.

ஆனால் பந்து நெருங்கும்போது மட்டை லேசாக அசைந்தாலே இமை தானாக விழுந்துவிடும். புத்தகத்தில் அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

போன வருஷம் மூன்றாவது ஸ்ட்ரைக்கில் வெளியேறிய ஒரு பெண், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“உள்ளயா மேடம் வந்துச்சு?”

சண்டைக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

“ஆமா” என்றாள் இவள்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கணவன் ரீகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் மறுநாள் ஆறு ரப்பர் பந்து வாங்கி வந்தான்.

மொட்டை மாடி. காலை ஆறு மணி. அவள் மாஸ்க் மாட்டிக்கொண்டு நிற்பாள். அவன் பத்தடி தள்ளி நின்று முகத்துக்கு நேராக எறிவான். தினமும் நூறு. மாஸ்க்கின் கம்பியில் பட்டுப் பட்டுப் பந்து துள்ளும்.

“மூடிட்ட” என்பான். எறிவான்.

“மூடிட்ட.”

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஃபாத்திமா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

“எக்கா, அண்ணன் ஏன் ஒங்கள பந்தக் கொண்டு எறியுதாவ?”

ரீகன் சிரித்த சிரிப்பில் அடுத்த பந்து கைப்பிடிச்சுவர் தாண்டித் தெருவுக்குப் போனது.

நாற்பதாவது நாளோ என்னவோ, “மூடிட்ட” என்று சொல்வதை அவன் நிறுத்தினான்.

ஆனால் மாடியில் மட்டை கிடையாது.

இப்போது இரண்டாவது பந்து. இறுதி ஆட்டம். நெஞ்சுக் கவசம் ஆம்பிளை அளவு. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து வாரைக் குறைத்திருந்தாள். இன்று நழுவவில்லை. பாதங்களை அகற்றி வைத்தாள். கேட்சரின் தோளுக்கும் மட்டை பிடித்தவளின் உடம்புக்கும் நடுவே இருந்த சந்தில் தலையை நிறுத்தினாள். மூச்சை விட்டாள்.

பிட்சர் எறிந்தாள்.

மட்டை சுழன்றது. பந்தின் அடியை லேசாக உரசியது. பந்து திசை மாறியது.

நேராக அவள் முகத்துக்கு.

வெள்ளை பெரிதானது. சிவப்புத் தையல் சுற்றுவது தெரிந்தது. தையலில் ஒட்டியிருந்த ஒரு புல்லும்.

டங்.

தலை பின்னால் போய் வந்தது. மாஸ்க் காதுப் பக்கம் திரும்பிவிட்டது. கேட்சர் பெண் பதறி எழுந்தாள்.

“மேடம்! பட்டுட்டா?”

“ஏளா, பாத்தேன்!” என்றாள் அவள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இவளுக்குத் தாடை வலித்தது. சிரிப்பு சிரிப்பாக வந்தது.

அதன் பிறகு எல்லாப் பந்தும் வந்தன. திடீரென்று கையுறைக்குள் முளைக்கவில்லை. வந்தன. சில வளைந்தன. சில கடைசி அடியில் தாழ்ந்தன. சில அப்பாவியாக நடுவில் வந்து அடி வாங்கிக்கொண்டு போயின. இத்தனை நாளும் பாதி ஆட்டத்தைத்தான் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் வித்தியாசம். இரண்டு பேர் அவுட். மட்டை பிடித்தவளுக்கு மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்.

இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் எறிகிற அணிக்குக் கோப்பை. அந்த அணியின் கோச் தங்கமாரி கம்பி வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவருடைய பெண்கள் ஓடி வரத் தயாராக இருந்தார்கள்.

பந்து வந்தது. மட்டை அசையவில்லை.

கையுறையில் வெடி போட்ட மாதிரிச் சத்தம். ஸ்ட்ரைக்கின் சத்தம்.

பந்து பலகையின் ஓரத்துக்கு இரண்டு விரல் வெளியே போயிருந்தது.

அவள் அவசரப்படவில்லை. மனசுக்குள் இன்னொரு தடவை அதை வரவிட்டாள். இரண்டு விரல்.

“பால்.”

பாதி தூரம் ஓடி வந்துவிட்ட பெண்கள் நின்றார்கள். மட்டை பிடித்தவள் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓடினாள். பார்வையாளர் பந்தலில் பாதிப் பேர் விசிலடித்தார்கள், பாதிப் பேர் கத்தினார்கள். தங்கமாரி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

“ஏம்மா அம்பயர்! கண்ணு தெரியுதா, தெரியலையா?”

மைதானம் முழுக்கக் கேட்டது.

அவள் இடது கையால் மாஸ்க்கைக் கழற்றினாள். அப்படித்தான் கழற்ற வேண்டும். வலது கை தீர்ப்புச் சொல்ல.

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்பயர் வாயாடக் கூடாது.

பலகையில் தூசி இல்லை. ஆனாலும் பந்தலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, இடுப்புப் பையிலிருந்த சின்னத் தூரிகையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

வெகுநேரம் துடைத்தாள். அடக்கிய சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.